கஞ்சித்தொட்டித் தெருவின் நோய்ச் சீட்டு

ராஜபாளையத்துக்குக் கிழக்கே பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த ஊரில் கஞ்சித்தொட்டித் தெரு, அந்தத் தெருவில் இருபத்துமூன்று வீடு, முதல் வீட்டிலிருந்து இருபத்திரண்டாம் வீடு வரை தறிச் சத்தம். எங்கோ ஒரு தேசத்தில் யாருக்கோ காலில் அடிபட்டால் அதைச் சுற்றுகிற துணி எங்கள் தறியில் ஓடியதாக இருக்கலாம். எங்கள் காலில் அடிபட்டால், மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற பெண் முதலில் கேட்பது, "கார்டு இருக்கா?" அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான், ஆனால் அங்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், கூலித் தறி அத்தனை நாள் காத்திருக்காது. மெயின் ரோட்டு ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்கிற கார்டு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தறி இல்லாத இருபத்துமூன்றாம் வீட்டில், சண்முகக்கனியிடம் இருந்தது.

கனிக்கு அப்போது வயது இருபத்தெட்டு. தாய் தகப்பன் இல்லை. நாங்கள் நெய்த துணியை வெட்டி, மடித்து, உறையில் போட்டுக் கப்பலுக்கு அனுப்புகிற கம்பெனியில் பேக்கிங் வேலை, காலை ஏழரைக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஏழு மணிக்குத் திரும்புவாள். கம்பெனி தன் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்த காப்பீட்டுக் கார்டு அது. வருடத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் தேதி அந்த மூன்று லட்சம் புதிதாகப் பிறக்கும், மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மிச்சம் இருந்தால் செத்துப்போகும். கனிக்குத் தலைவலி கூட வருவதில்லை. அவள் கார்டில் வருடா வருடம் மூன்று லட்சம் பிறந்து செத்துக்கொண்டிருந்தது.

ஓர் ஆடி மாதத்து வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்குப் பித்தப்பைக் கல் வலி வந்தது. அது வருவது நான்காவது முறை. ஆபரேஷனுக்கு முப்பத்தெட்டாயிரம் கேட்டிருந்தார்கள், அவள் வீட்டில் ஒன்பதாயிரம் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தவளுக்குக் கனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றினாள். பேச்சியம்மாள் கையிலிருந்து வழிந்த தண்ணீர் கீழே ஏந்தியிருந்த கனியின் உள்ளங்கையில் விழுந்தது. அழுகிற பிள்ளையை இடுப்பு மாற்றி வாங்கும்போது சொல்வதுபோல, "கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்க மதினி, நான் வச்சிருக்கேன்" என்றாள் கனி.

"எடுத்துக்க தாயி, புண்ணியமாப் போகும்" என்றாள் பேச்சியம்மாள்.

"வாங்கிக்கிட்டேன்."

பேச்சியம்மாள் எழுந்து, புடவையை உதறி, உலையில் அரிசி போட உள்ளே போனாள். கனி அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் மெயின் ரோட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, பேச்சியம்மாளின் ஸ்கேனில் இருந்த அதே மூன்று கல், பெரியது ஒன்று, சிறியது இரண்டு, கனியின் பித்தப்பையில் இருந்தது. கார்டைக் காட்டினாள், நான்கு மணி நேரத்தில் அனுமதி வந்தது, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நோய் எப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. மகளையே தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுக்கிறோம், தண்ணீர் விட்டுக் கொடுத்தது போய்விடும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் வேறு. ஆஸ்பத்திரியில் என்னென்ன காகிதம் கேட்டார்கள், ஆதார் நகல் எத்தனை, போட்டோ வேண்டுமா, கையிலிருந்து ஏதாவது கட்ட வேண்டி வந்ததா. ஒன்றும் கட்டவில்லை என்றாள். அன்று மாலை அவள் வாசலில் ஆறு பேர் செம்போடு நின்றார்கள்.

ஆறு பேரும் சண்டை போட்டார்கள். இரண்டு செம்பு நசுங்கியது. அதன் பிறகுதான் ராக்கம்மாள் வந்தாள். ராக்கம்மாள் எங்கள் தெருவில் இருபது வருடமாகச் சீட்டு நடத்துகிறவள். கல்யாணம், காதுகுத்து, தறிக்கு மோட்டார் எல்லாம் அவளிடம் சீட்டு எடுத்துத்தான் நடந்தது. ஒரு தடவைகூட ஒரு ரூபாய் பிசகியதில்லை. "இதுக்கு எதுக்குடா அடிச்சுக்கிறீங்க, சீட்டுப் போட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள். அப்படித்தான் நோய்ச் சீட்டு ஏற்பட்டது. இருபத்திரண்டு வீடும் மாதம் இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்தப் பணம் கனிக்கு ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற ஆளின் சாப்பாட்டுக்கும், அவள் வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்துக்கும். நோய் இருக்கிறவர்கள் பேரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் செம்பில் போட்டுக் குலுக்க வேண்டும். காய்ச்சல், சளி, பல்வலி சேர்த்தி இல்லை. குடித்து வந்த நோய் சேர்த்தியா இல்லையா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டு, பாதி சேர்த்தி என்று முடிவாயிற்று. பாதி என்றால் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எந்தச் சீட்டிலும் முதல் சீட்டு நடத்துகிறவருக்கு. ஆகவே முதலில் ராக்கம்மாளின் கர்ப்பப்பை. பிறகு குலுக்கல்படி ஒரு மூலம், ஒரு சிறுநீரகக் கல், ஒரு தைராய்டுக் கட்டி. அதற்கடுத்தது என் குடலிறக்கம். அதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. தண்ணீர் விட்டபோது அவள் கை சில்லென்று இருந்தது, இடுப்பு லேசானது, நான் அன்றைக்கே தறிக்குப் பாவு உருளை தூக்கினேன். முதல் வருடம் பேச்சியம்மாளோடு சேர்த்து ஏழு பேர் நோய் அந்தக் கார்டில் தீர்ந்தது.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு வருடத்தில் மூன்று பித்தப்பை எடுத்தது எப்படி என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர், ஸ்கேனில் தெரிந்தது, எடுத்தோம் என்று எழுதி, மூன்று ஸ்கேனையும் இணைத்து அனுப்பினார். அதற்குமேல் கேள்வி வரவில்லை. அய்யாவுத் தாத்தாவுக்கு இருந்த, ஆண்களுக்கு மட்டும் வருகிற உபாதை ஒன்றுதான் சிக்கலாயிற்று. விண்ணப்பத்தில் பெண் என்று இருந்ததால் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தாத்தாவிடம் திரும்பக் கொடுக்கலாம் என்று கனி செம்போடு போனாள். தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வம்சத்துல இல்ல தாயி" என்றார். அது அவளிடமே தங்கிவிட்டது.

இப்படி ஐந்து வருடம். முதல் வருடம் ஏழு, அடுத்து ஆறு, அடுத்து நான்கு, நான்கு, மூன்று. ஆக இருபத்துநான்கு நோய். நோய் குறைந்ததால் எண்ணிக்கை குறையவில்லை. மூன்று லட்சம் மூன்று லட்சமாகவே இருந்தது, முப்பத்தெட்டாயிரமாக இருந்த பித்தப்பை ஐந்தாம் வருடம் ஒரு லட்சத்து ஐயாயிரம் ஆகியிருந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து கம்பெனி கார்டுக்கான பணத்தைத் தான் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தது. முதலில் வருடத்துக்கு நாலாயிரத்து இருநூறு, பிறகு ஏழாயிரம், பிறகு பதினோராயிரத்து அறுநூறு. அதையும் தெருவே சீட்டில் சேர்த்துக் கட்டியது. தெரு கட்டியதால் கார்டு தெருவின் கார்டு ஆயிற்று, தெருவின் கார்டு ஆனதால் அது ராக்கம்மாளின் பீரோவுக்குள் போயிற்று. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

கனிக்குச் சிவகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம். நாங்கள் அவர்களை நன்றாகக் கவனித்தோம், கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம், பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னோம். அவள் வயிற்றில் எத்தனை தையல் என்பதையும் சொன்னோம். அவர்கள் கலரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனியில் கனிக்குக் கால் வீங்கியபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஜவுளிக்கடையில் கார்டு கிடையாது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் தினமும் யாராவது ஒருவர் அவள் வீட்டுக்கு மீன் குழம்பு கொண்டுபோனார்கள், பேச்சியம்மாள் இரண்டு முறை. கனி கம்பெனிக்கே போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வருடம், இருபத்துநான்காவது நோய்க்காக அவளை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தபோது மயக்க மருந்து டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். அன்றைக்கு எப்படியோ ஒப்பேற்றிவிட்டு, பிறகு படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. யாரும் கொடுத்தது இல்லை, அது அவளுடையது. வால்வை மாற்ற இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆகும். "அடுத்த ஏப்ரல்ல மொத வேலையா இதைச் செஞ்சுருங்கம்மா. அதுக்கு முன்னாடி வேற எதுக்கும் மயக்க மருந்து குடுக்க முடியாது. குடுத்தா எழுந்திரிக்க மாட்டீங்க" என்றார் டாக்டர். கார்டில் அப்போது மிச்சம் எண்ணூறு ரூபாய்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை குலுக்கல். பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விலைவாசி இருக்கிற நிலையில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ராக்கம்மாள் செம்பைக் கையில் எடுத்தபோது கனி கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தாள். அவள் குலுக்கலுக்கு வருகிற வழக்கம் இல்லை.

"ஒரு சீட்டு எழுதிப் போடணும் அத்தை."

"யாரு பேருக்கு?"

"என் பேருக்குத்தான்."

"செம்புக்கே சீட்டா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். கனியும் சிரித்தாள். சிரித்து முடிய அவளுக்கு மூச்சு வாங்கியது.

ராக்கம்மாள் சிரிக்கவில்லை. "சீட்டு கட்டுனவங்க பேருதான் செம்புல விழும் தாயி. நீ ஒரு மாசமும் கட்டலையே."

"என்னை யாரும் கட்டச் சொல்லலையே அத்தை. அஞ்சு வருசமா எத்தனை தடவை குலுக்கியிருக்கீங்க, ஒரு தடவையாவது என் பேரை எழுதுனீங்களா?"

உண்மைதான். யாருக்கும் தோன்றவில்லை. சீட்டு ஆரம்பித்த அன்றைக்குப் பேர்ப் பட்டியல் எழுதியவன் நான்தான். முதல் வீட்டிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டேன். இருபத்துமூன்று என்று ஒரு வரி இருக்கிறது என்பது என் கண்ணில் படவே இல்லை.

டாக்டர் சொன்னதைக் கனி சொன்னாள். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, எங்க மாமாவை ஒம்பது வருசத்துக்கு முன்னாடி போயிருவாருன்னாங்க, இன்னைக்கும் ரெண்டு இட்லி கூடக் கேக்குறாரு" என்றாள் ஒருத்தி. கனி முந்தானையிலிருந்து நூற்றைம்பது ரூபாய் எடுத்து வைத்தாள், ஒரு மாதக் கட்டு. ராக்கம்மாள் பணத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு பதின்மூன்றாவது துண்டில் அவள் பேரை எழுதினாள். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. மற்றப் பன்னிரண்டையும் வெளியே எடுத்துவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு துண்டு இருந்தது.

குலுக்கலில் மாரீஸ்வரி பேர் வந்தது. எட்டாம் வீட்டுச் சுந்தரபாண்டியின் மனைவி, வயது இருபத்தாறு, கையில் பால்குடி மாறாத பிள்ளை. சினைப்பையில் கட்டி. மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் பரவிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனும் மருந்துமாக இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அந்த வீட்டை விற்றாலும் அவ்வளவு வராது. எங்களுக்கு அவளைக் குறை சொல்லவும் வழி இல்லை.

நான்கு நாள் அவள் கனியின் வாசலுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்தாள்.

"அக்கா, நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா நான் வரலைன்னா அவரு செம்பைத் தூக்கிட்டு வருவாரு. அவரை நிறுத்துனா எங்க மாமியா வருவாங்க. அவங்க வந்தா அழுவாங்க, பாத்துக்க."

"உங்க மாமியா அழுதா மூணு தெருவுக்குக் கேக்குமே" என்றாள் கனி.

"அதான் முன்னாடியே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"குலுக்கல்ல என் பேரு வந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அழுதிருப்பேன்."

"அப்புறம்?"

மாரீஸ்வரி பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அப்புறமும் உன் வாசல்லதான்க்கா வந்து நின்னிருப்பேன். வேற எங்க போக?"

கனி பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கட்டிலையும் பீரோவையும் பக்கத்து வீட்டில் கொஞ்ச நாள் போட்டு வைப்போம் அல்லவா, அதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்: "ஒன்னுதை வாங்கணும்னா உள்ள இடம் வேணும்டி. என்னுதைக் கொஞ்சம் எங்கயாவது எறக்கி வைக்கணும். அது நடக்குமான்னு தெரியல. இந்தா, கையை நீட்டு."

உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வந்து, கொஞ்சமாக, ஒரு கை அளவுக்கு மட்டும் விட்டாள். மாரீஸ்வரி பிள்ளையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் ஏந்தி, "வாங்கிக்கிட்டேன்" என்றாள். சொன்னவுடன் ஒரு மூச்சுக் கூடுதலாக இழுத்தாள். அவ்வளவுதான் கூடுதல். கனிக்கு அந்த ஒரு மூச்சு அளவு லேசானது.

அன்று மாலையே கனி செம்போடு தெருவில் இறங்கினாள். முதல் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எம் மூச்சுல ஒரு பங்கு வச்சிருங்க, இடம் வேணும்" என்றாள். மொத்தம் இருபத்துமூன்று பங்கு, வீட்டுக்கு ஒன்று. கை நீட்டாதவர்கள் குறைவு, ஏனென்றால் வாசலுக்கு வந்தவர் தண்ணீர் நீட்டினால் கை தானாக நீளும். "வாங்கிக்கிட்டேன்" என்ற சொல்லைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சொல்லாவிட்டால் தண்ணீர் வெறும் தண்ணீராக விரலிடுக்கில் ஒழுகிப் போகும். பேச்சியம்மாள் சொன்னாள். சுந்தரபாண்டியின் தாய், எட்டாம் வீட்டுப் பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்ததும், நிம்மதியாக அழுதாள். செம்புக்கே சீட்டா என்று கேட்டவன் சொன்னான். நானும் சொன்னேன். உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். தண்ணீர் முழுவதும் ஒழுகி, அவள் இரண்டாம் முறை விட்டு, அதிலும் பாதி ஒழுகிய பிறகு சொன்னேன். இரக்கத்தால் சொன்னேனா, அவள் போய்விட்டால் கார்டும் போய்விடும் என்று சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களையும் நான் கேட்கவில்லை.

ஐந்து வீடு வாங்கவில்லை. இரண்டு வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அய்யாவுத் தாத்தா தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். ராக்கம்மாள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினாள். "சீட்டு நடத்துறவ கையில எந்தப் பங்கும் இருக்கக் கூடாது தாயி, நாளைக்கு நியாயம் பேச முடியாது" என்று சொல்லி, ஜன்னல் கம்பிக்கு நடுவே கார்டை மட்டும் நீட்டினாள். ஆக எங்களிடம் பதினேழு பங்கு, கனியிடம் ஆறு.

அதற்கு மறுநாள் அவள் மாரீஸ்வரியின் கட்டியை வாங்கிக்கொண்டாள். மயக்க மருந்து டாக்டர் அவள் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கே" என்றார். அனுமதி வர முப்பத்தொரு மணி நேரம் ஆயிற்று, வந்தது. பத்தாம் நாள் கனி வீட்டுக்கு வந்தாள். மாரீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தறி ஓட்டினாள்.

எங்கள் தெருவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. தெருவின் தண்ணீர் மேல்தொட்டிக்குப் பதினாறு படி, முன்பு ஒரே மூச்சில் ஏறியவர்கள் ஏழாவது படியில் நின்றார்கள். சண்டை போடுகிறவர்கள் வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, எதிராளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் திட்டினார்கள். எதிராளியும் பொறுத்துக்கொண்டான், அவனிடமும் ஒரு பங்கு இருந்தது. ஒருவர் நான்கு தறி பார்த்த இடத்தில் மூன்றுதான் பார்க்க முடிந்தது. கூலியும் நாலில் மூன்றாயிற்று. பங்கு வாங்காத ஐந்து வீட்டுக்காரர்களும் எங்களோடு நடக்கும்போது மெதுவாக நடக்கப் பழகினார்கள், ராக்கம்மாள் உட்பட.

ஆறு பேர் மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தோம். ஆறு பேருக்கும் ஒரே பதில். லேசாக இருக்கிறது, ஆபரேஷன் செய்கிற அளவுக்கு இல்லை, வருடம் ஒரு தடவை வந்து காட்டுங்கள். கனிக்கும் அதே பதில்தான். அவளிடம் இருக்கிற ஆறு பங்குக்கு எந்தக் கார்டும் அனுமதி கொடுக்காது. முழு நோயும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அது நோய். அதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஏப்ரலில் பதினேழு பேரும் அவரவர் பங்கை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், முழு மூன்று லட்சத்தையும் அவள் வால்வுக்கே வைக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்தத் தடவை செம்பில் ஒரே ஒரு துண்டு போட்டுக் குலுக்குவது என்று ஏக மனதாக முடிவு செய்தோம். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அப்படியே குலுக்கினோம். சண்முகக்கனி பேர் வந்தது. எல்லோரும் கை தட்டினோம், தட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டோம்.

ஏப்ரல் முதல் தேதி ராக்கம்மாள் புதுக் கார்டை வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். வால்வு மாற்ற இப்போது மூன்று லட்சத்து நாற்பதாயிரம். கார்டோடு ஒரு காகிதம் வந்திருந்தது. மொத்தம் மூன்று லட்சம்தான், ஆனால் இருதயம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் இந்த வருடம் முதல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கிடையாது. மீதி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கையிலிருந்து கட்ட வேண்டும். இருபத்துமூன்று வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு எட்டாயிரத்து இருநூற்று அறுபத்தொன்று. மூன்று தறிக் கூலியில் அந்தத் தொகை எங்களிடம் இல்லை. நான்கு தறி ஓட்டியிருந்தால் இருந்திருக்கலாம். நான்கு தறி ஓட்ட மூச்சு வேண்டும்.

ராக்கம்மாள் அந்தக் காகிதத்தைக் கனியிடம் படித்துக் காட்டினாள். கனி கேட்டுக்கொண்டாள்.

"இப்ப எல்லாரும் குடுத்தா என்ன ஆகும் அத்தை?"

"முழுசா உங்கிட்ட வந்துரும். பணம் பெரட்டுற வரைக்கும் நீ தாங்கணும்."

"எத்தனை நாளு?"

ராக்கம்மாள் எந்தச் சீட்டுக்கும் நாள் சொல்லத் தெரிந்தவள். இதற்குச் சொல்லவில்லை. இந்த வருடம் யாரும் தண்ணீர் விட வேண்டாம் என்று அவளே வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சரி என்றோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு இருபத்துமூன்றாம் வீட்டுக்குப் போனேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, ஒரு பங்கு மூச்சு என் வயதில் சின்னது இல்லை, அவள் வயதில் ஒன்று கூடினால் தெரியாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நான் ஒருவன்தான் போவேன், ஒரு பங்குதானே என்று நினைத்தேன். வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் செம்போடு நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குப் பிறகு ஆறு பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவள் மாரீஸ்வரி.

ஏழு மணிக்குக் கனி கதவைத் திறந்தாள். கம்பெனிச் சீருடை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. எங்கள் செம்புகளைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக.

"பதினேழும் வந்தாச்சா?"

பேச்சியம்மாள் மட்டும், "சும்மா பாக்கத்தான் தாயி" என்றாள்.

"பாத்தாச்சுல்ல மதினி. எனக்கு ஏழரைக்குப் பஸ்."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் நடுவே புகுந்து நடந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம். அவளிடம் ஆறு பங்கு, எங்களிடம் ஒவ்வொன்று. எங்களில் யார் வேண்டுமானாலும் அவளை முந்திப் போய் முன்னால் நின்று செம்பை நீட்டியிருக்கலாம். ஒருவரும் முந்தவில்லை. மெயின் ரோட்டுக்கு ஒன்பது மின்கம்பம். இரண்டாவது கம்பத்தில் அவள் நின்றாள், நாங்களும் நின்றோம். நான்காவதில் நின்றாள், நின்றோம். ஆறாவதில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். செம்புத் தண்ணீர் எங்கள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கை நீட்டவில்லை.

பஸ் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இத்தனை பேரு செம்போட, கோயில் விசேஷமா?" என்றார்.

"இல்லண்ணே. வழியனுப்ப வந்தாங்க" என்று சொல்லி, இரண்டு படியையும் நின்று நின்று ஏறினாள்.

பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம். எட்டு மணிக்குத் தறி ஓட்ட வேண்டும். செம்பிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம், வெறும் தண்ணீர்தான், ஆனால் யாருக்கும் கை வரவில்லை. நிறைந்த செம்பைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, ஒன்பது கம்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, அவரவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.